கண்ணாடிக் கூட்டுக்குள் கையெழுத்துகள்

பெட்டி இன்னும் வரவில்லை. மேல்மாடி குடோனிலிருந்து எடுத்து வருகிறேன் என்று லிஃப்ட்டுக்குள் போன விற்பனையாளர், நவநீதன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது, போய் வெகு நேரமாகிவிட்டது, அல்லது ஆகவில்லை, எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிற பெரிய டிவிக்குள் ஒரு பச்சைக் கிளி பறந்து போய் மறுபடி அதே கிளையில் வந்து உட்கார்ந்துகொண்டே இருப்பதால் எனக்கு அப்படித் தோன்றுகிறது. ஏசிக் குளிர் முழங்கையில் ஏறுகிறது. அம்மா பக்கத்து ஸ்டூலில் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். ஈரோட்டிலேயே இதுதான் பெரிய கடை என்று வரும்போது ஆட்டோக்காரரிடம் சொன்னாள், அவர் கேட்கவே இல்லை. லேப்டாப்பு வாங்கப் போறோமுங்க, புதுசா ஒரு சிப்பு வந்திருக்குதாமா, அது போட்டது. அவர் அதையும் கேட்கவில்லை. நான் அவளுடைய கையை இடித்தேன். என்ன கண்ணு என்றாள். ஒண்ணுமில்ல என்றேன். ஒண்ணுமில்ல என்று சொல்வது எவ்வளவு சுலபம், இப்போதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், உள்ளே, எனக்கு நானே, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, பெட்டி வரட்டும், சீல் பிரிக்கட்டும், பிரித்துவிட்டால் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள், பிரித்துவிட்டால் பிறகு பேச எதுவும் இருக்காது.

எல்லாம் அந்தக் கண்ணாடிக் கூட்டால் வந்தது. அதுவரை நான் நன்றாகத்தான் இருந்தேன், ஜெயித்தவள் இருக்கிற மாதிரி இருந்தேன். நவநீதன் என்னமோ சொல்ல வந்தார், இந்தப் புது மாடல்ல வந்துங்க மேடம், சில ஐட்டம் என்று இழுத்தார், நான் முடிக்க விடவில்லை. பழைய ஸ்டாக்கை எங்க தலையில கட்டப் பார்க்கறீங்களா சார் என்று ஆரம்பித்தேன், ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, போனில் இருக்கிற வகைச் சிப்பை இப்போது லேப்டாப்பிலும் போட ஆரம்பித்துவிட்டார்கள், கரண்ட் குடிக்காது, சூடாகாது, கோயமுத்தூரில் காலேஜுக்கு ரயிலில் போய்விட்டுத் திரும்பி வந்தாலும் சார்ஜ் இருக்கும், இனி எல்லாக் கம்பெனியும் இதற்குத்தான் வந்தாக வேண்டும், இப்போது போய்ப் பழைய சிப் போட்டதை வாங்குவது மூடப்போகிற கடையில் சீட்டுக் கட்டுவது மாதிரி. ஃபிரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. அந்தக் கடைசி உவமை வீட்டிலேயே பலமுறை சொல்லிப் பழகினது. நீங்க சொன்னாச் சரிதானுங்க மேடம் என்று நவநீதன் லிஃப்ட்டுக்குப் போனார். அம்மா முகத்தில் ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தோடுதான் கைப்பையைத் திறந்து கண்ணாடிக் கூட்டை எடுத்தாள். அதற்குள் கண்ணாடி இருக்காது, கண்ணாடி எப்போதும் அவள் தலைமேல் ஏறி இருக்கும். கூட்டுக்குள் இருப்பவை டோக்கன்கள். பார்க்கப் பென்டிரைவ் மாதிரி இருக்கும், ஒவ்வொன்றும் ஒருவருடைய கையெழுத்து. கம்பெனி நடத்துகிறவர்கள் அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்டும்போது பேனாவால் போட முடியாது, இதைச் சொருகிப் பாஸ்வேர்டு அடித்தால்தான் கையெழுத்து விழும். முதலாளிகள் தங்களிடமே வைத்திருக்க வேண்டிய சாமான். யார் வைத்திருக்கிறார்கள், நீங்களே வெச்சுக்கோங்கக்கா என்று கணக்கு எழுதுகிற கோகிலவாணி அக்காவிடம், அதாவது என் அம்மாவிடம், கொடுத்துவிட்டுத் தறிச் சத்தத்துக்குள் போய்விடுகிறார்கள். எல்லாம் ஒரே கறுப்பு என்பதால் ஒவ்வொன்றின் காதிலும் அம்மா நூல் கட்டியிருக்கிறாள், அந்தந்த முதலாளியின் குடோனில் கிடந்த நூலையே. சிவப்பு சென்னிமலைப் பெட்ஷீட்டுக்காரர், மஞ்சள் சித்தோட்டுச் சாயப்பட்டறை, லுங்கிக்காரருக்குப் பச்சையும் நீலமும் முறுக்கினது. கண்ணு, இதைச் சொருக எடமிருக்குதா பாரு, என்று சிவப்பை எடுத்து நீட்டினாள், பளபளவென்று வரிசையாகத் திறந்து வைத்திருக்கிற லேப்டாப்புகளுக்கு முன்னால், அந்த அழுக்கு நூலோடு. அய்யோ உள்ள வைம்மா, கடையில போயி, அதெல்லாம் ஓடும், என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். சரி சரி என்று உள்ளே வைத்து மூடினாள். கூடு டக்கென்று மூடிக்கொண்டது. அந்தச் சத்தத்தில்தான் அந்த வாக்கியம் ஞாபகம் வந்தது.

சில பழைய வெளிக்கருவிகளுக்கான டிரைவர்கள் இதில் இயங்காமல் போகலாம். இதுதான் வாக்கியம். புதிதாகப் படித்தது ஒன்றுமில்லை, படித்த கட்டுரைகளில் எல்லாம் இருந்தது, கடைசியில், வாங்கலாமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்வதற்குச் சற்று முன்னால், வழியில் நிற்கிற ஆளைப்போல. பழைய சிப்புக்காக எழுதின புரோகிராம்களை இந்தப் புதுச் சிப் தனக்குள்ளேயே மொழிபெயர்த்துக்கொண்டு ஓட்டிவிடும், இதை நான் அம்மாவுக்கு, அப்பாவுக்கு, மாடி வீட்டுச் செந்தாமரை அக்காவுக்கு எல்லாருக்கும் விளக்கியிருக்கிறேன். டிரைவரை மட்டும் மொழிபெயர்க்காது. வெளியிலிருந்து சொருகுகிற சாமானை மிஷினுக்கு அறிமுகம் செய்து வைக்கிற சின்ன புரோகிராம்தான் டிரைவர், அந்தச் சாமானைச் செய்த கம்பெனியே புதிதாக எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. இதை நான் யாருக்கும் விளக்கவில்லை. விளக்க வேண்டியிருக்கவில்லை. சில என்றால் எனக்கில்லை. பழைய என்றால் எனக்கில்லை. வெளிக்கருவி என்றால், என்னிடம் இருப்பது ஒரு இயர்போன். போகலாம் என்றால் போகாமலும் இருக்கலாம். ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது, நான் நடுவில் நடந்து போனேன். யாரோ ஒரு வெள்ளைக்காரனுடைய ஸ்கேனர், யாரோ பாட்டு ரெக்கார்டு செய்கிறவன் வைத்திருக்கும் பெட்டி, அப்படித்தான் நினைத்திருப்பேன், நினைத்தேனா, நினைக்கக்கூட இல்லை. நான் தேடிப் பார்த்ததெல்லாம் என்னுடையவை. புள்ளியியல் பாடத்துக்கு வேண்டிய மென்பொருள் ஓடுமா, ஓடும். படம் பார்க்கலாமா, பார்க்கலாம். ரயில் ஜன்னல் வெளிச்சத்தில் திரை தெரியுமா, தெரியும். பகலில் எனக்கு, சாயங்காலம் அம்மாவுக்கு என்றுதான் பேச்சு, வாங்குவதே அவள் சம்பாத்தியத்தில், ஆனால் அந்தச் சாயங்காலத்தில் அவள் அதில் என்ன செய்வாள் என்று நான் எதையும் தேடவில்லை. அம்மா சிஸ்டத்துல இருக்கறா என்று போனில் சொல்லுவேன், அம்மா சமையல்கட்டுல இருக்கறா என்று சொல்கிற அதே குரலில்.

போனை மடியில் மறைத்து வைத்துத் தேடினேன். அம்மா டிவியில் கிளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டோக்கன் கம்பெனியின் இணையப் பக்கத்தில் எந்தெந்த மிஷினில் ஓடும் என்று வரிசையாகப் போட்டிருந்தான், மேலிருந்து கீழே போனேன், கீழிருந்து மேலே வந்தேன், புதுச் சிப் அதில் இல்லை. இன்னொரு இடத்தில் குஜராத்திலிருந்து யாரோ ஒருவர் கேட்டிருந்தார், புது லேப்டாப், டோக்கனே எடுக்கவில்லை, என்ன செய்யலாம் என்று. கீழே ஒருவர், எனக்கும். அதற்குக் கீழே, எனக்கும். எனக்கும் எனக்கும் என்று நாடு முழுக்கக் கணக்கு எழுதுகிறவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள், அவர்கள் எல்லாருக்கும் இது தெரிந்திருக்கிறது, அத்தனையும் படித்த எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒருவர் எழுதியிருந்தார், மாற்றிப் பழைய மாடலே வாங்கிவிட்டேன் என்று. போன் தானாக இருண்டது. அதில் என் மூக்கும் மேலே டியூப்லைட் வரிசையும் தெரிந்தன. என்ன கண்ணு, யாரு மெசேஜு, என்றாள் அம்மா. ஒண்ணுமில்லம்மா.

தை மாசமே கேட்டாள். தை பொறந்ததும் நல்ல நாள் பார்த்து வாங்கிரலாமா கண்ணு என்று, நாள்காட்டித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு. நான் சிரித்தேன். நாள் பார்த்து வாங்கினா பேட்டரி ரெண்டு மணி நேரம் சேர்த்து நிக்குமா என்றேன், ராகுவுக்கும் கீபோர்டுக்கும் என்னம்மா சம்பந்தம் என்றேன், அப்பாகூடச் சிரித்தார், அம்மா தாளைத் திருப்பி ஆணியில் மாட்டினாள். மாட்டின கையோடு நான் சொன்னேன், இப்ப வாங்கக்கூடாது. ஏன்? புதுச் சிப் வரப்போகுது. எப்ப? மாசியில் கேட்டாள், பங்குனி என்றேன். பங்குனியில் கேட்டாள், அடுத்த மாசம் உறுதி என்றேன். தினமும் காலையில் பல் விளக்குவதற்கு முன் போனில் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், யாரோ கசியவிட்ட சேதி, யாரோ கணித்துச் சொன்ன தேதி, இந்தக் காலாண்டு உகந்ததல்ல, அடுத்தது உகந்தது. நல்ல நேரம், கெட்ட நேரம். என்னுடையதும் பஞ்சாங்கம்தான். அம்மாவுடைய பஞ்சாங்கத்தில் ராகு காலம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துபோகும், என்னுடைய ராகு காலம் தையில் பிடித்து ஆனி வரைக்கும் விடவில்லை. இதில் அவள் யாரிடமும் என்னைக் குறை சொல்லவில்லை. என்ற புள்ள இன்னுங் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்குதுங்க என்று லுங்கிக்காரரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள், அவர் ஏதோ ஒரு வரிக்கணக்கு ரிட்டன் தாமதமாகிறது என்று கத்திக்கொண்டிருந்தபோது.

மார்ச் மாசக் கடைசி. பழைய சிஸ்டத்தின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே தெரிகிற பச்சைப் பலகைக்கு நேராக டேபிள் ஃபேனை வைத்திருந்தாள். மனுஷருக்கு ஒரு ஃபேன், மிஷினுக்கு ஒரு ஃபேன் என்று அப்பா கேலி செய்வார், உண்மையில் மனுஷருக்கு ஃபேன் இல்லை, இருந்தது ஒன்றுதான், அது மிஷினுக்குப் போய்விட்டது. ஃபேன் கொஞ்சம் திரும்பினாலும் சூடேறி, கரண்ட் இருக்கும்போதே அணைந்துபோகும். அணைந்தால் அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள், ச்சு என்பாள், ஆற விடுவாள், மறுபடி போடுவாள், அடித்த எண்களை மறுபடி அடிப்பாள். கண்ணு, நீ சொன்ன அந்தச் சிப்பு சூடே ஆகாதாமா? ஆகாதும்மா. ஃபேனே வேண்டாமா? ஃபேனே கிடையாதும்மா அதுக்குள்ள. அப்புடியா. அந்த அப்புடியாவில் கேலி இல்லை, இருந்திருந்தால் நன்றாயிருக்கும், கேலி என்றால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். அந்த வாரம்தான் எனக்குக் கல்லூரிகளுக்கிடையே பட்டிமன்றம். வீட்டுக்குள் பெண் செய்யும் உழைப்பு சமூகத்தின் கண்ணுக்குத் தெரிகிறதா, தெரியவில்லையா. நான் தெரியவில்லை அணி. நடுவர் அவர்களே என்று கண்ணாடி முன் நின்று பேசிப் பழகும்போது ஃபேன் இரைச்சல் இடைஞ்சலாக இருந்தது. அம்மா, அந்த ஃபேனைக் கொஞ்ச நேரம் நிறுத்தேன்மா, எனக்குப் பேச்சே கேக்க மாட்டேங்குது. நிறுத்தினாள். நான் இரண்டாவது பாயிண்ட்டுக்கு வருவதற்குள் சிஸ்டம் அணைந்தது. பரவால்ல நீ பேசு, அதுக்குள்ள நான் தோசைக்கு ஆட்டி வெச்சுட்டு வர்றேன் என்று எழுந்து போனாள். தெரியவில்லை, தெரியவில்லை, தெரியவே இல்லை என்று நான் முடித்தேன். கப் வாங்கினேன். பொய் ஒன்றும் பேசவில்லை நடுவர் அவர்களே, தெரியத்தான் இல்லை, எதிரில் நின்றுகொண்டிருந்தபோதும் தெரியவில்லை.

சரி. யோசிப்போம். இதற்கு ஒரு மறுபக்கம் இருக்கும், எதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு, எந்த அணியில் போட்டாலும் பேசுகிறவள் நான். முதலாவது, டோக்கன் கம்பெனி என்றைக்காவது புது டிரைவர் எழுதத்தானே போகிறது, உலகமே இந்தச் சிப்புக்கு மாறும்போது அவன் மட்டும் மாறாமல் என்ன செய்வான். என்றைக்கு? அது தெரியாது. ரிட்டன் தேதி என்றைக்கு? அது ஒவ்வொரு மாசமும். சரி, இரண்டாவது, பழைய சிஸ்டம் இருக்கவே இருக்கிறது, டோக்கன் வேலையை மட்டும் அதில் செய்துகொள்ளலாம். ஃபேனை வைத்துக்கொண்டா? ஆமாம், ஃபேனை வைத்துக்கொண்டு. அதாவது நான் சூடாகாத லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரயிலேறுவேன், அவள் மூடி கழற்றின பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருப்பாள், எதற்காக வாங்கினோமோ அதைத் தவிர எல்லாம் நடக்கும். இந்தப் பாயிண்ட்டை எந்த நடுவரிடம் சொல்ல முடியும். மூன்றாவது, மூன்றாவது ஒன்றுமில்லை, மூன்றாவது நவநீதனின் முகம். அவ்வளவு பேசிவிட்டு, ஃபிரிட்ஜ் பார்க்கிற குடும்பம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் பேசிவிட்டு, சார் நீங்க சொல்ல வந்தது என்னன்னு கேக்கவே இல்ல, அதுதானா என்று கேட்பது. அவர் ஒருவேளை பிரிண்டரைப் பற்றித்தான் சொல்ல வந்தாரோ என்னவோ, ஒருவேளை கலரைப் பற்றி. அதுகூட எனக்குத் தெரியாது. நான்காவது அம்மாவின் முகம், அந்த வெளிச்சம். அவள் கோபப்பட மாட்டாள். கோபப்பட்டால் நான் பதிலுக்குக் கத்துவேன், கத்திக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். அவள் என்னமோ ஒன்று சொல்லி என்னைக் காப்பாற்றுவாள், அதுதான் பயமாக இருக்கிறது. லிஃப்ட் திறக்கிற சத்தம். இல்லை, அது வாஷிங் மெஷின் தள்ளிக்கொண்டு யாரோ. கையெல்லாம் ஈரம், இந்தக் குளிரில். அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில், கண்ணாடிக் கூடு இருக்கிற பையின்மேல் வைத்துக்கொண்டாள். ஏங் கண்ணு வேர்க்குது, மேலுக்கு ஏதும் முடியலையா. இல்லம்மா. காலையில ஒண்ணும் திங்காம வந்துட்டே. இல்லம்மா. பையின் துணிக்கு உள்ளே கூடு கெட்டியாக இருந்தது. அதற்குள் யார் யாருடைய கையெழுத்தோ. அவளை நம்பி அவர்கள், என்னை நம்பி அவள், நான் யாரோ ஒரு கட்டுரைக்காரனை நம்பி, அவனாவது அந்த வாக்கியத்தை எழுதியிருந்தான்.

இந்த முறை நவநீதன்தான். பெட்டியை இரண்டு கையிலும் தாம்பாளம்போல ஏந்திக்கொண்டு வந்தார், மேலே ஒரு பேப்பர் கட்டர். கடைசி பீஸுங்க மேடம், இன்னொருத்தரு கேட்டுட்டு இருந்தாங்க, இல்லீன்னுட்டேன், என்றார். கண்ணாடி மேஜையில் வைத்தார். சீல் பிரிச்சு ஆன் பண்ணிக் காட்டிர்றனுங்க, பிரிச்சா ரிட்டன் இல்லீங்க, அது கம்பெனி ரூல்ஸு. அம்மா எழுந்து நின்றாள். ராகு காலம் வர்றதுக்குள்ள பிரிச்சிருங்க தம்பி, என்றாள், சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள், நான் ஏதும் சொல்வேனோ என்று. அவள் கையில் எப்போது எடுத்தாளோ ஒரு குங்குமப் பொட்டலம் இருந்தது, அதை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். கட்டரின் மூக்கு ஒட்டின டேப்பின்மேல் போய் நின்றது. ஒரு இழுப்புத்தான். நான் வாயைத் திறந்தேன், வாய் திறந்ததும் வார்த்தை வருகிற பழக்கம் எனக்கு, வரவில்லை, பிறகு வந்தது, என்னுடைய குரல் மாதிரியே இல்லை. அம்மா, அந்தப் பழைய சிப்பு மாடலையும் ஒரு தடவை பார்த்தர்லாமா. எதை? அதான், அங்க இருக்குதே, அதுவும் நல்லாத்தாம்மா இருக்குது. நவநீதன் கட்டரை எடுத்துவிட்டார். சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

அம்மா சிரித்தாள். ஏங் கண்ணு, வெளையாடறியா. மூடப்போற கடையில போயிச் சீட்டுக் கட்டுவாங்களான்னு நீதானே கேட்டே. நவநீதன் பக்கம் திரும்பினாள். இவ ஆறு மாசமாப் படிச்சுப் பார்த்து வெச்சிருக்கறாங்க தம்பி. இது கரண்டே குடிக்காதாமா. உள்ள ஃபேனே கெடையாதாமா. இனிமேப்பட்டு எல்லாக் கம்பெனியும் இதுக்குத்தான் வந்தாகோணுமாமா, பழைய புரோகிராமெல்லாம் அதுவே மொழிபெயர்த்து ஓட்டிக்குமாமா. என்னுடைய வாக்கியங்கள். என்னுடைய வரிசையில். கரண்டே குடிக்காது என்பதற்குப் பிறகு நான் நிறுத்துகிற இடத்தில் அவளும் நிறுத்தினாள். எப்போது மனப்பாடம் செய்தாள், மாவு ஆட்டும்போதா, ஆற வைத்த சிஸ்டத்தின் முன்னால் காத்துக்கொண்டிருந்தபோதா. இல்லம்மா, உன்ற டோக்கன் இதுல, என்றேன். நீதானே ஓடும்னே. ஓடாதாட்ட இருக்குதும்மா. அவள் ஒரு கணம் பெட்டியைப் பார்த்தாள். அப்புறம், நான் பயந்தது அப்படியே வந்தது, ஓடலீன்னாப் போச்சாது, என்றாள். எனக்குப் பழைய சிஸ்டம் இருக்குதல்லோ. ஃபேன் வெச்சுக்கிட்டா அது பாட்டுக்கு ஓடுது. ரயில்ல போயிட்டு வர்ற புள்ளைக்குத்தான் சார்ஜு நிக்கோணும், நீங்க பிரிங்க தம்பி. எதிரணி என்றால் எனக்கு உடைக்கத் தெரியும். இவள் என் அணி, எனக்காக என் வார்த்தைகளையே எடுத்துக்கொண்டு எனக்கு எதிராக நிற்கிறாள், இதை எங்கே பிடித்து உடைப்பது. கட்டர் மறுபடி டேப்புக்குப் போனது. சார் பிரிக்காதீங்க, என்றேன், சத்தமாக வந்துவிட்டது, ஃபிரிட்ஜ் குடும்பம் மறுபடி திரும்பியது. அம்மா, அந்தக் கண்ணாடிக் கூட்டைக் குடு. சார், இதே மாடல் டிஸ்ப்ளேல இருக்குதில்லீங்க, அதுல ஒண்ணே ஒண்ணு சொருகிப் பார்த்தர்லாங்களா.

நவநீதன் டிஸ்ப்ளே பீஸுக்குப் பாஸ்வேர்டு அடித்துக் கொடுத்தார். நான் கூட்டைத் திறந்து சிவப்பு நூலை எடுத்தேன். சற்று முன்னால் அதைத்தான் உள்ளே வை என்று பல்லைக் கடித்தேன், இப்போது எல்லாரும் பார்க்க நானே பிடித்துச் சொருகினேன், நூல் பளபளப்பான விளிம்பில் தொங்கியது. டோக்கனுக்குள்ளிருந்து ஒரு கட்டம் திறந்தது, டிரைவரைப் பதிவு செய்யவா என்று கேட்டது, ஆமாம் என்றேன். பச்சைக் கோடு ஓட ஆரம்பித்தது. பாதி தாண்டியது. வந்துருச்சு பாரு, என்றாள் அம்மா என் தோளுக்குப் பின்னாலிருந்து, அந்த நொடியில் எனக்கும் நப்பாசை, வந்துவிடு வந்துவிடு என்று, நான் சரியாக இருந்துவிட வேண்டும் என்று, கடைசி வரைக்கும் அந்த ஆசைதான். கோடு நின்றது. டிரைவரைப் பதிய முடியவில்லை. அம்மா என்னைத் தாண்டிக் கையை நீட்டி அதைப் பிடுங்கினாள். தூசி இருக்கும், என்றாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றி அதன் வாயைத் துடைத்தாள், உள்ளே ஊதினாள், மறுபடி சொருகினாள். கோடு அதே இடத்தில் நின்றது. மஞ்சளை எடுத்தாள், இது புதுசு, போன மாசந்தான் சாயப்பட்டறைக்காரரு எடுத்துக் கொடுத்தாரு, இது எடுக்கும் பாரு. எடுக்கவில்லை. பச்சையும் நீலமும் முறுக்கினது. எடுக்கவில்லை. மறுபடி சிவப்பு. துடைத்தாள். இதுலதான் கண்ணு என்னமோ கோளாறு, நூல் கீல் மாட்டியிருக்கும், நீ பார்த்துப் பார்த்துச் சொன்னது தப்பா இருக்காது. குனிந்து, தலைமேலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு, நான் பேசினதெல்லாம் அந்தச் சின்ன ஓட்டைக்குள் எங்கோ சிக்கியிருக்கிற மாதிரி தேடினாள்.

டோக்கன் நல்லாத்தாம்மா இருக்குது, என்றேன். அவள் நிமிரவில்லை. அது சரியாத்தாம்மா இருக்குது, நாந்தான் உனக்குன்னு ஒண்ணுமே பார்க்கல. இதைச் சொன்னால் இலேசாகும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள், ஆகவில்லை, காதெல்லாம் சூடாக இருந்தது. அம்மா டோக்கனைப் பிடுங்கினாள், நூலை நீவி விட்டாள், ஒவ்வொன்றாகக் கூட்டுக்குள் அடுக்கினாள், சிவப்பு, மஞ்சள், முறுக்கினது. டக். நவநீதன் இரண்டு லேப்டாப்புக்கும் நடுவில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து மெதுவாக, எதுக்குங்க மேடம் பில் போடட்டும், என்றார். என்னைக் கேக்காதீங்க சார், அம்மாவைக் கேளுங்க. அவர் அம்மா பக்கம் திரும்பினார். இந்தக் கடைக்குள் வந்ததிலிருந்து எது வேண்டும் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பழைய சிப் மாடலின் பக்கம் போனாள், மூடியைத் தொட்டாள், ஓரத்தில் சொருகுகிற இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள், பார்த்துவிட்டுக் கேட்டாள், இத்தனை மாசத்தில் லேப்டாப்பைப் பற்றி என்னை விட்டு வேறொருவரிடம் அவளாகக் கேட்ட ஒரே கேள்வி, இதுல சார்ஜு எத்தனை நேரமுங்க தம்பி நிக்கும்? கோயமுத்தூரு போயிட்டுத் திரும்பி வர்ற வரைக்கும் நிக்குமா? நவநீதன் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும். அந்த மாடலை வேண்டாம் என்று தள்ளுவதற்காகவே அந்த விவரத்தை நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன், திரும்பி வரும்போது சார்ஜ் திருப்பூர் தாண்டாது. நிக்குமா கண்ணு, என்றாள். நிக்கும்மா, என்றேன். நல்லா நிக்கும்.